பாட்டுக்கு மதிப்பெண், ஆளுக்கு ஓட்டு

1948-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் விவசாய விழா நடந்துகொண்டிருந்தது. மேடையில் பாடிய இளைஞருக்கு வயது பத்தொன்பது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். மலாய் சினிமாவின் தொடக்ககால இயக்குநர்களில் ஒருவரான இந்தியர். பாடியவர் பி. ராம்லி. இரண்டே மாதத்தில் அந்த இளைஞர் சிங்கப்பூருக்குப் போய் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அதே ஆண்டில் 'சிந்தா' படத்தில் நடித்தார். அதன் பிறகு அவர் மலேசியாவுக்கே பொதுச்சொத்து ஆன கதையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மேடைக்கு முன்பு நடந்ததுதான் இங்கே முக்கியம். போர் முடிந்த கையோடு பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் ராம்லி முதலில் நான்காவதாக வந்தார். அடுத்த ஆண்டு இரண்டாவது. 1947-இல் முதலிடம், கூடவே வட மலாயாவின் நட்சத்திரப் பாடகர் என்ற பட்டம். மூன்று ஆண்டுகள், மூன்று முயற்சிகள், படிப்படியாக ஏறிய ஓர் ஏணி. நடுவர்கள் கேட்டது குரலை மட்டும். வானொலியில் முகம்கூடத் தெரியாது. அவர் வீட்டில் என்ன கஷ்டம், அம்மா அழுதாரா, உடன் பாடியவரோடு சண்டையா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது செபராங் ஜெயா. 1948-இல் அப்படி ஓர் ஊரே கிடையாது. 1969-இல் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம் எழுபதுகளில் திட்டமிட்டுக் கட்டிய நகரம் அது. பக்கத்தில் பிறை தொழிற்பேட்டை. 1985-இல் திறந்த பினாங்குப் பாலம் கரையேறும் இடமும் பிறைதான். தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல இந்தப் பெருநிலப் பகுதிக்கு வந்து, தொழிற்சாலை ஷிஃப்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் பழகிக்கொண்டன. தோட்டத்து லய வீடுகளில் பொது வானொலியைச் சுற்றி உட்கார்ந்த தலைமுறையின் பிள்ளைகள், இங்கே வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி வைத்துக்கொண்டார்கள். போட்டி நிகழ்ச்சியும் ரியாலிட்டி நிகழ்ச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நுழைந்தது இந்த வரவேற்பறைகளுக்குள்தான்.

இரண்டையும் இன்று ஒரே பெயரால் அழைக்கிறார்கள். 'சூப்பர் சிங்கர்' ரியாலிட்டி ஷோ, 'பிக் பாஸ்' ரியாலிட்டி ஷோ, சமையல் நிகழ்ச்சியும் ரியாலிட்டி ஷோ. பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கேமராவை எடுத்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பாட்டுப் போட்டியில் கேமராவை எடுத்தாலும் பாட்டு இருக்கும், நடுவர் இருப்பார், யார் நன்றாகப் பாடினார் என்ற கேள்வி இருக்கும். பதினைந்து பேரை ஒரே வீட்டில் அடைத்துவைத்த நிகழ்ச்சியில் கேமராவை எடுத்தால், வாடகை இல்லாத ஒரு விடுதியும் சில மனஸ்தாபங்களும்தான் மிஞ்சும்.

இந்தச் சோதனையில் முழுதாகத் தேறும் போட்டிகள் தமிழர்களிடம் தொலைக்காட்சிக்கு வெகு காலம் முன்பே இருந்தன. பினாங்கில் 1934-இல் தொடங்கிய இசட்-எச்-ஜே வானொலி, மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் தீபாவளி, பொங்கல் கலைநிகழ்ச்சிகளிலும் 'பாடல் திறன் போட்டி' என்பது மலேசியத் தமிழர்களின் வாடிக்கையான சொல். தமிழ்ப்பள்ளிகளில் திருக்குறள் மனனப் போட்டி, பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி.

அந்தப் பள்ளி மண்டபத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முன்வரிசையில் ஒரு நீள மேசை, மேசைவிரிப்பின் மேல் மூன்று குடிநீர் போத்தல்கள், மூன்று நடுவர்கள். ஒவ்வொருவர் முன்னும் கட்டம் போட்ட தாள். கருத்து, மொழிநடை, உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், நேரம் என்று பத்திகள். ஓரத்தில் நேரக் காப்பாளர் கையில் மணி. முதல் மணி எச்சரிக்கை, இரண்டாவது மணி முடிவு. அதற்கு மேல் பேசினால் மதிப்பெண் குறையும். பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'எண் ஏழு' என்று அழைக்கும் போட்டிகளும் உண்டு, எந்தப் பள்ளி, யார் வீட்டுப் பிள்ளை என்பது நடுவரின் காதில் விழக் கூடாது என்பதற்காக. முடிவு அறிவித்த பிறகு அம்மாக்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு "எங்கே குறைஞ்சது சார்?" என்று கேட்பார்கள். அவரும் தாளைப் பார்த்து, 'ழ'கரத்தில் குறைந்தது என்று சொல்வார். கேட்டால் பதில் கிடைக்கும் என்பதே போட்டிக்குரிய மரியாதை.

தொலைக்காட்சி வந்த பிறகும் இந்த மரபு உடனே அறுந்துவிடவில்லை. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் வளர்த்தெடுத்த 'பாட்டுக்குப் பாட்டு' பின்பு சன் டிவிக்கு வந்து, கடல் கடந்த தமிழர்களின் ஊர்களிலெல்லாம் மேடையேறியது. எழுத்தைச் சொன்னதும் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும், தெரியாவிட்டால் வெளியேற வேண்டும். ஏ. வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' முறையான பாட்டுப் போட்டி. மலேசியாவில் 1996-இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் சேவை தொடங்கி, வானவில் அலைவரிசை வீட்டுக் கூரைத் தட்டுகள் வழியாக இறங்கியபோது, செபராங் ஜெயாவின் குடும்பங்கள் முதன்முறையாகத் தமிழைப் பகல் முழுவதும் பார்க்கத் தொடங்கின. உள்ளூர்த் தயாரிப்பான 'ஆட்டம் நூறு வகை', 'யார் அந்த ஸ்டார்' போன்றவையும் போட்டிகளே. தெரிந்த பையன், தெரிந்த தெரு, தெரிந்த பள்ளி திரையில் வந்ததில் கிடைத்த பெருமை வேறு வகை.

இதற்கிடையில் வெளியுலகில் இன்னொரு விதை வேறொரு தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் 1948-இல் ஆலன் ஃபன்ட் மறைவாகக் கேமரா வைத்து, வழிப்போக்கர்களை வேடிக்கையாகச் சிக்கவைத்துப் படமெடுத்தார். அதுதான் 'கேண்டிட் கேமரா'. ராம்லி புக்கிட் மெர்தாஜாமில் பாடிய அதே ஆண்டு. 1973-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வாழ்ந்த லவுட் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை பன்னிரண்டு வாரங்கள் பொதுத்தொலைக்காட்சியில் ஓடியது. மனைவி கணவனிடம் மணவிலக்குக் கேட்டதும் திரையில் வந்தது. அதில் பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, வென்றவர் யாரும் இல்லை. ரியாலிட்டி தொலைக்காட்சியின் அசல் வடிவம் அதுதான். வாழ்க்கையைப் பார்ப்பது, அவ்வளவே.

போட்டி நிகழ்ச்சிக்கோ வேறொரு வரலாறு, அதுவும் கசப்பானது. 1956 டிசம்பரில் 'ட்வெண்டி ஒன்' என்ற வினாடி வினாவில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் தோற்றார். முந்தைய ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது எது என்பது கேள்வி. 'மார்ட்டி' என்ற சரியான பதில் அவருக்கு நன்றாகத் தெரியும். தவறாகச் சொல்லும்படி தயாரிப்பாளர் சொல்லிக்கொடுத்திருந்தார். வென்ற சார்ல்ஸ் வான் டோரன் நாடே கொண்டாடும் அறிவாளி ஆனார். 1959-இல் காங்கிரஸ் குழுவின் முன் அவரே உண்மையை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. அறிவையோ திறமையையோ அதிர்ஷ்டத்தையோ சோதிக்கும் ஒளிபரப்புப் போட்டியில் முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பது குற்றம்.

இரண்டு வகை நிகழ்ச்சிகளுக்கும் நடுவே சட்டம் போட்ட கோடு இது. போட்டி என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாக நடந்தாக வேண்டும். வாழ்க்கையைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லும் நிகழ்ச்சிக்கு அந்தக் கட்டு இல்லை. எந்தக் காட்சியை வைப்பது, எதை வெட்டுவது, யாரை வில்லனாக்குவது என்பதெல்லாம் எடிட்டிங் மேசையின் உரிமை. இன்று "எல்லாம் ஸ்க்ரிப்ட்" என்று வரவேற்பறையில் அலுத்துக்கொள்ளும் தாத்தா அறியாமலே இந்த அறுபதாண்டு வழக்கைத்தான் பேசுகிறார்.

இரண்டு விதைகளும் ஒன்றாக ஒட்டுப்போடப்பட்டது தொண்ணூறுகளின் இறுதியில். 1997-இல் ஸ்வீடனில் 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்'. 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஜான் டி மோலின் 'பிக் பிரதர்'. அமெரிக்கா 2000-இல் 'சர்வைவர்' என்ற பெயரில் ஸ்வீடன் வடிவத்தை எடுத்துக்கொண்டபோது, அதைப் படம்பிடிக்கத் தேர்ந்தெடுத்த இடம் மலேசியா: சபா மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள புலாவ் தீகா தீவு. பதினாறு பேர், முப்பத்தொன்பது நாள், பத்து லட்சம் டாலர். இறுதி நிகழ்ச்சியை அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். தீவில் ஓட்டப்பந்தயமும் நீச்சலும் புதிர்களும் உண்டு. ஆனால் நன்றாக நீந்தியவர் வென்றுவிட முடியாது. உடன் இருப்பவர்களே ஓட்டுப்போட்டு ஒருவரை அனுப்புவார்கள். முடிவில், தாங்கள் வெளியேற்றிய ஆட்களிடமே போய் வெற்றியைக் கேட்க வேண்டும். வென்ற ரிச்சர்ட் ஹாட்ச் காட்டியது உடல்வலிமையை அல்ல, கூட்டணி அமைக்கும் சூட்சுமத்தை. போட்டியின் எலும்பும் ரியாலிட்டியின் சதையும் ஒரே உடலானது அந்தத் தீவில்.

அமெரிக்காவின் எம்மி விருதுக் குழுவே இந்தக் கலப்பைப் பார்த்துத் திணறி, 2003-இல் 'ரியாலிட்டிப் போட்டி' என்று தனி விருதை உண்டாக்கியது. முதல் ஆண்டே அதைப் பெற்ற 'தி அமேசிங் ரேஸ்', சில ஆண்டுகள் கழித்துப் பினாங்குக்கும் ஓடிவந்தது.

அதே 2003-இல் மலேசியாவிலும் ஒட்டுமரம் காய்த்தது. மெக்சிகோவின் 'லா அகாடெமியா' வடிவத்தை வாங்கி ஆஸ்ட்ரோ தொடங்கிய 'அகாடெமி ஃபந்தாசியா' ஒரு பாட்டுப் பள்ளி. மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்குவார்கள். காலையில் குரல் பயிற்சி, மாலையில் நடனம், இரவில் படுக்கையறை. இவையெல்லாம் 'டயரி' என்ற பெயரில் தினமும் ஒளிபரப்பாகும். வார இறுதியில் கச்சேரி. விமர்சகர்கள் குறை சொல்வார்கள், திட்டவும் செய்வார்கள். ஆனால் தங்குவது யார், போவது யார் என்று தீர்மானித்தது மக்களின் குறுஞ்செய்தி. ஒருவரே எத்தனை முறையும் அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். 2005-இல் மூன்றாவது பருவத்தை வென்ற மாவி, ஜொகூரின் ஃபெல்டா நிலத்திட்டக் குடியேற்றத்திலிருந்து வந்தவர். அவரைவிடத் தேர்ந்த குரல்கள் அங்கே இருந்தன என்ற விமர்சனம் அப்போதே கேட்டது. ஆனால் அவரைத் தங்கள் மகனாகவும் தம்பியாகவும் எடுத்துக்கொண்ட கிராமங்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் வாரம் முழுவதும் பார்த்தது ஒரு நல்ல பையனை. பாட்டு ஞாயிறுக்கு முந்திய ஓர் இரவில் மட்டும் வந்தது.

இடையில் 2004-இல் 'மலேசியன் ஐடல்'. அங்கே குடியிருப்பு இல்லை. பால் மோஸ், ஃபௌசியா லத்திஃப், ரோஸ்லான் அசிஸ் ஆகிய மூவரும் நடுவர்கள். பாடி முடித்த கணத்தில் முகத்துக்கு நேராகக் கருத்து, பிறகு மக்கள் ஓட்டு. வென்றவர் ஜெக்லின் விக்டர், ஒரு மலேசிய இந்தியப் பெண். மலாய்ப் பாடல்களால் நாட்டையே வென்ற அவருடைய வெற்றி அன்றைய இந்தியக் குடும்பங்களில் உண்டாக்கிய பூரிப்பு சாதாரணமானதல்ல. நிறமும் சமயமும் பேசும் மொழியும் ஓட்டைத் திசைதிருப்பும் என்று பயந்தவர்கள் பலர். அந்தப் பயத்தைத் தாண்டி எழுந்தது குரல். அவருடைய 'கெமிலாங்' மறு ஆண்டின் ஜுவாரா லாகு போட்டியிலும் முதல் பரிசு பெற்றது. அது பாடல்களுக்கான போட்டி, வெகுகாலமாக நடந்துவரும் பழைய மேடை. ஓட்டில் வென்றவர் அங்கே வந்து நடுவர்களின் மதிப்பெண்ணிலும் வென்றார். மாவிக்குக் கிடைத்தது அன்பு, ஜெக்லினுக்குக் கிடைத்தது அங்கீகாரம் என்று சொல்வது முரட்டுத்தனமாக இருக்கலாம். ஆனால் இரண்டு வடிவங்களும் எதை நோக்கிப் பார்வையாளரைத் தள்ளின என்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகளைவிடத் தெளிவான சான்று மலேசிய வரலாற்றில் இல்லை.

தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' முதல் சில பருவங்களில் போட்டியாகவே இருந்தது. சுருதி விலகியது, சங்கதி சரியாக விழவில்லை, உச்சரிப்பு பிசகியது என்ற பேச்சு வீடுகளுக்குள் புகுந்தது. பாட்டே தெரியாதவர்கள்கூட "பல்லவியில நல்லா இருந்துச்சு, சரணத்துல ஃபிளாட் ஆயிடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லப் பழகினார்கள். தமிழ் ரசனைக்கு அந்த நிகழ்ச்சி செய்த பெரிய நன்மை இது. ஆண்டுகள் போகப் போக, பாட்டுக்கு முன்னால் ஒரு சிறு படம் ஓடத் தொடங்கியது: போட்டியாளரின் ஊர், வீட்டுக் கூரை, அப்பாவின் வேலை, அம்மாவின் கண்ணீர். பின்னணியில் வயலின். நான்காவது பருவத்தை வென்ற திவாகர் முறையான சங்கீதப் பயிற்சி இல்லாமல் மேலேறியவர். அவருடைய ஏழ்மை உண்மை, அவருடைய குரலும் உண்மை. ஓட்டு எதற்கு விழுந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டையும் பின்னிவைத்ததுதான் வடிவத்தின் வேலை.

இந்த மாற்றத்துக்குக் காரணம் தீய எண்ணம் அல்ல, நேரக் கணக்கு. பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பாடினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அலைவரிசைக்கோ வாரத்துக்குப் பல மணி நேரம் நிரப்ப வேண்டும். கதாசிரியரும் நட்சத்திரச் சம்பளமும் இல்லாமல் நிரப்ப வழி, போட்டியாளரின் வாழ்க்கையையே கதையாக்குவது. ஒத்திகை, வேன் பயணம், தோழமை, பொறாமை, எலிமினேஷனுக்கு முன்னால் நீளும் மௌனம் எல்லாம் நிமிடங்கள். நிமிடங்கள் விளம்பரங்கள்.

ஒரு நிகழ்ச்சி எந்த வகை என்று அறிய, அதைப் பற்றி மக்கள் போடும் சண்டையையும் கேட்கலாம். 2016-இல் 'சூப்பர் சிங்கர்' ஐந்தாவது பருவத்தை ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் வென்றபோது, ஏற்கெனவே சினிமாவில் பாடியவர் அமெச்சூர்கள் நடுவே எப்படி நிற்கலாம் என்று பெரிய விவாதம் எழுந்தது. அது தகுதியைப் பற்றிய சண்டை, போட்டிக்கே உரிய சண்டை. 'பிக் பாஸ்' பற்றி யாரும் அப்படிச் சண்டை போடுவதில்லை. அங்கே எழும் ஒரே குற்றச்சாட்டு: "அவர் நடிக்கிறார்." பாடகர் மேடையில் நடித்தால் குற்றமில்லை, சுருதி பிசகினால்தான் குற்றம். வீட்டில் இருப்பவருக்கு எது பிசகினாலும் மன்னிப்பு உண்டு, நடித்தால் இல்லை.

கலப்பு என்றாலே போட்டி கெட்டுப்போகும் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 2010-இல் ஆஸ்ட்ரோ ஒயாசிஸ் ஒளிபரப்பிய 'இமாம் மூடா' அதற்குச் சாட்சி. இளம் இமாமைத் தேடிய அந்த நிகழ்ச்சி, வடிவத்தில் 'அகாடெமி ஃபந்தாசியா'வின் தம்பிதான். போட்டியாளர்கள் சேர்ந்து தங்கினார்கள், கைப்பேசியும் இணையமும் கிடையாது. உரிமை கோர ஆளில்லாத சடலத்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வதும் அவர்களுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. கேமரா முன்னால் கண்ணீரும் வந்தது. ஆனால் மக்கள் ஓட்டு என்பதையே தயாரிப்பாளர்கள் வைக்கவில்லை. தேசியப் பள்ளிவாசலின் முன்னாள் தலைமை இமாம் ஹசான் மஹ்மூத் தீர்ப்பளித்தார். முதல் பருவத்தை வென்ற அஷ்ராஃப் பினாங்குக்காரர். குறுஞ்செய்தி வருமானம் கொழித்த காலத்தில் ஓட்டை மறுத்தது துணிச்சல். சடலத்தைக் குளிப்பாட்டத் தெரியுமா என்பது ரசிகர்கள் ஓட்டுப்போட்டு முடிவு செய்யும் விஷயமல்ல என்று ஒரு மலேசிய அலைவரிசை புரிந்துகொண்டிருந்தது.

தமிழில் இதே தெளிவு 2009-இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் இருந்தது. போட்டியாளர் கொண்டுவர வேண்டியது ஒரு குறும்படம். அவர் எப்படிப்பட்டவர், யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது, படம் ஓடும், நடுவர்கள் பேசுவார்கள். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் என்று அங்கிருந்து வந்த இயக்குநர்களின் வரிசை தமிழ் சினிமாவின் ஒரு பத்தாண்டையே மாற்றியது. போட்டி என்ற வடிவத்தின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயர்களே போதும்.

மறுமுனையில் ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'. போட்டியின் நிழல்கூட இல்லாத சுத்த ரியாலிட்டி. குடும்பத் தகராறோடு வருபவர்களை உட்காரவைத்து, அவர்கள் அழுவதையும் அடித்துக்கொள்வதையும் ஊர் பார்த்தது. பிள்ளைகளின் அந்தரங்கம்கூட மிஞ்சவில்லை. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பாட்டுப் போட்டியில் தோற்றவருக்கு ஒரு பரிசுதான் போகும். இங்கே வந்தவர்கள் வீடு திரும்பி அதே தெருவில் வாழ வேண்டியிருந்தது.

'பிக் பிரதர்' வழிவந்த 'பிக் பாஸ்' தமிழுக்கு வந்தது 2017 ஜூன் 25-இல், கமல் ஹாசனோடு. முதல் பருவத்தில் பார்வையாளர்களின் அன்பை அள்ளிய ஓவியா, மன அழுத்தத்தில் பாதியிலேயே வெளியேறினார். கோடிக்கணக்கான ஓட்டு ஒருவரை வீட்டுக்குள் வைத்திருக்கலாம், அங்கே நிம்மதியாக இருக்கவைக்க முடியாது. பட்டம் ஆரவுக்குப் போனது.

மலேசியத் தமிழர்களுக்கு நெருக்கமானது 2019-இன் மூன்றாவது பருவம். அந்த வீட்டுக்குள் போனவர்களில் மலேசியாவின் முகேன் ராவ் ஒருவர். இலங்கையிலிருந்து லொஸ்லியாவும் தர்ஷனும் போயிருந்தார்கள். தமிழ்நாட்டின் நிகழ்ச்சி ஒன்று முதன்முறையாக முழுத் தமிழுலகின் வீடாக ஆனது. செபராங் ஜெயாவின் வீடுகளிலும் மாமாக் கடைகளிலும் அந்த மூன்று மாதமும் பேச்சு அதுதான். "நம்ம பையன்" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் அவருடைய பாடல்களை அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த வீட்டின் இருபத்துநான்கு மணி நேரம், நமக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாக வந்து சேர்ந்தது. மிச்ச இருபத்துமூன்று மணி நேரத்தை யாரோ எடுத்துவைத்துக்கொண்டார்கள். காட்டிய ஒரு மணி நேரத்தில் முகேன் தானே கட்டிய பாட்டைப் பாடினார், அது ஊர் முழுவதும் பரவியது. இன்னொரு நாள், வாக்குவாதத்தின் உச்சத்தில் கையால் ஓங்கிக் குத்தியதில் கட்டில் உடைந்தது, அதுவும் ஊர் முழுவதும் பரவியது. இரண்டும் ஒரே ஓட்டுப்பெட்டிக்குள் விழுந்தன. பாட்டுக்கு ஒரு பத்தி, கோபத்துக்கு ஒரு பத்தி என்று கட்டம் போட்ட தாள் அங்கே இல்லை. பார்வையாளர் போட்டது ஒரு மனிதனின் மொத்தத்துக்கான ஓட்டு, அதுவும் எடிட்டர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மொத்தம்.

அதே பருவத்தில் லொஸ்லியாவின் தந்தை கனடாவிலிருந்து வந்தார். பல ஆண்டுகளாகப் பார்க்காத மகளை அவர் முதலில் பார்த்தது அந்த வீட்டு வாசலில். அவர் மகளைக் கண்டித்ததும், மகள் காலில் விழுந்து அழுததும், இரண்டு பேரும் கட்டிக்கொண்டதும் தமிழ்த் தொலைக்காட்சியின் மறக்க முடியாத நிமிடங்கள். போரும் புலம்பெயர்வும் பிரித்த எத்தனையோ குடும்பங்கள் அந்தக் காட்சியில் தங்களையே கண்டு அழுதன. அந்த உணர்ச்சி பொய்யல்ல, மலிவானதும் அல்ல. ஆனால் அந்தச் சந்திப்பு ஒரு விளையாட்டின் 'டாஸ்க்'காக நடந்தது. அசையாமல் நிற்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. பத்தாண்டு ஏக்கத்தோடு வந்த தகப்பன் முன்னால் மகள் சிலையாக நிற்க வேண்டும் என்பது எந்தத் திறமையின் சோதனை? இந்த இடத்தில் நிகழ்ச்சி எல்லை மீறியது என்றே சொல்ல வேண்டும்.

அக்டோபர் 6-இல் முகேன் வென்றார், ஐம்பது லட்சம் ரூபாய்ப் பரிசோடு. விமான நிலையத்தில் வரவேற்பு, ஊர் ஊராகப் பாராட்டு. மலேசியக் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாகத் தட்டிய சென்னையின் கதவு, ஒரு வீட்டுக்குள் நூற்றைந்து நாள் இருந்தவருக்குத் திறந்தது. 2021-இன் கடைசி நாளில் அவர் கதாநாயகனாக நடித்த 'வேலன்' வெளியானது.

அந்த 2021 இன்னொரு விதத்திலும் கவனிக்க வேண்டிய ஆண்டு. சன் டிவியில் விஜய் சேதுபதி நடத்திய 'மாஸ்டர்செஃப்' தமிழ், ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற வடிவம். ஒரே பொருள், ஒரே நேரம், நடுவர் நாக்கில் வைத்துச் சொல்வதே முடிவு. தேவகி விஜயராமன் வென்றார். விஜய் டிவியில் 2019 நவம்பரில் தொடங்கிய 'குக் வித் கோமாளி'யிலும் சமையல் உண்டு, பட்டமும் உண்டு, அப்போது நடுவர்களாகத் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் இருந்தார்கள். ஆனால் சமைப்பவருக்குத் துணையாகக் கத்தியைப் பிடிக்கவே தெரியாத ஒரு கோமாளியைக் கட்டிவிடுவார்கள். வெங்காயம் கேட்டால் பூண்டு வரும். வென்றவர் பெயர் ஒரு வாரத்தில் மறந்துபோகும், ஆனால் கோமாளிகளாக வந்த சிவாங்கியும் புகழும் நினைவை விட்டுப் போக மாட்டார்கள். தொற்றுக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்திருந்த தமிழர்களை நிம்மதியாகச் சிரிக்கவைத்தது எது என்று கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள். போட்டி இங்கே ஒரு கொடிக்கம்பம் மட்டும், அதைச் சுற்றி நடப்பதே விழா. அந்த உண்மையை நிகழ்ச்சி மறைக்கவும் இல்லை. அதனாலேயே அது ஏமாற்றவில்லை. மதிப்பெண்ணைத் தேடுபவர் அங்கே போக மாட்டார்.

மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சி இதற்குள் தன் பாதையைத் தானே தேர்ந்துகொண்டது. ஆஸ்ட்ரோவின் விண்மீன் அலைவரிசையில் வந்த 'ராப் போர்க்களம்', 'பிக் ஸ்டேஜ்' தமிழ் ஆகியவை மேடையை நடுவில் வைத்த நிகழ்ச்சிகள். சொல்லிசை மலேசியத் தமிழ் இளைஞர்களின் சொந்தக் கலை. தொண்ணூறுகளிலிருந்து யோகி பி உள்ளிட்டவர்கள் அதை இங்கே வளர்த்து, தமிழ்நாட்டுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கலைக்கு ஒரு போட்டி வந்தபோது கேட்டது மூன்று விஷயம்: வரி உன்னுடையதா, தாளத்தில் நிற்கிறதா, எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்கிறதா. போட்டியாளர்களின் ஊரும் வீடும் அங்கேயும் காட்டப்படுகின்றன. பிறை, சுங்கை பட்டாணி, கிள்ளான் என்று பெயர் வரும்போது அந்தந்த ஊர்க்காரர்கள் கைதட்டுகிறார்கள். பிறகு விளக்கு மங்குகிறது, பீட் தொடங்குகிறது. அடுத்த இரண்டு நிமிடமும் அந்தப் பையன் தனியாக எழுதிக்கொண்டுவந்த வரிகளுக்கு உரியவை.